ஒரே வீட்டில் மூன்று வயதினருக்கு உறக்க மூச்சுத்தடை: சிபேப் யாருக்கு, எப்பொழுது, எப்படி?

வைகைக்கரை கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் 7 வயது மகன், 44 வயதுக் கணவர், 74 வயது மாமனார் ஆகிய மூவருக்கும் கடந்த மூன்று மாதங்களுக்குள் உறக்கத்தில் மூச்சுத்தடை இருப்பதாகத் தெரியவந்திருக்கிறது. முதலில் மகனைத்தான் காட்டினோம்; வீட்டில் வேறு யாராவது குறட்டை விடுகிறார்களா என்று மருத்துவர் கேட்டதன் பேரில் மற்ற இருவரும் பரிசோதனைக்குப் போனார்கள். மூவர் விஷயத்திலும் சிபேப் என்ற சொல் அடிபடுகிறது; உறங்கும்போது மாஸ்க் வழியாகத் தொடர்ந்து அழுத்தத்தோடு காற்று கொடுக்கும் இயந்திரமாம். ஆனால் ஆளுக்கொன்று சொல்வதால் எதை நம்புவதென்று தெரியாமல் தவிக்கிறேன்.

மகனின் எடை 21 கிலோ. வாயைத் திறந்தபடி, கழுத்தைப் பின்னால் வளைத்துக்கொண்டுதான் தூங்குவான். இரவில் தலையணை நனையும் அளவுக்கு வியர்க்கும். நின்றுபோயிருந்த படுக்கையில் சிறுநீர் கழிக்கும் வழக்கம் மீண்டும் வந்துவிட்டது. பகலில் தூங்கி வழிவதில்லை. மாறாக ஓரிடத்தில் உட்காரமாட்டேன் என்கிறான் என்று வகுப்பாசிரியை குறைப்படுகிறார். மருத்துவமனையில் ஓர் இரவு தங்கி எடுத்த ஸ்லீப் ஸ்டடியில், மணிக்கு எத்தனை முறை மூச்சு தடைபடுகிறது என்பதைக் காட்டும் ஏ.எச்.ஐ. என்ற எண் 8 என்று வந்திருக்கிறது. அறிக்கையின் அடியில் "லேசானது" என்று அச்சிட்டிருக்கிறார்கள். காது மூக்கு தொண்டை மருத்துவரோ டான்சிலையும், மூக்குக்குப் பின்னாலுள்ள அடினாய்டு என்ற சதையையும் எடுத்துவிட வேண்டும் என்கிறார். லேசானதற்கு எதற்குக் கத்தி, மெஷின் வைத்தால் போதாதா என்று என் அண்ணன் கேட்கிறார்.

கணவருக்கு ஏ.எச்.ஐ. 41. சொந்த வண்டியில் தூத்துக்குடிக்குச் சரக்கு ஏற்றிச் செல்பவர். சென்ற மாதம் அருப்புக்கோட்டையைத் தாண்டியதும் கண் அயர்ந்துவிட்டதாகவும், வண்டி சாலையோர மண்ணில் இறங்கிக் குலுங்கியபோதுதான் விழித்ததாகவும் அவரே சொன்னார். சோதனைக்குக் கொடுத்த மாஸ்க்கை இரண்டாம் இரவே கழற்றி வைத்துவிட்டார். மூச்சு முட்டுகிறது என்கிறார்.

மாமனாருக்கு ஏ.எச்.ஐ. 26. இரண்டு ஆண்டுகளுக்கு முன் பேஸ்மேக்கர் வைத்திருக்கிறார்கள். பல்செட் அணிபவர். இரவில் நான்கைந்து முறை சிறுநீர் கழிக்க எழுந்திருக்கிறார். சென்ற வாரம் அப்படி எழுந்தபோது தடுமாறி விழப்பார்த்தார். "இந்த வயதில் இதெல்லாம் எதற்கம்மா" என்பது அவருடைய பேச்சு.

விற்பனைக்கு வந்தவர் ஒரே இயந்திரத்தை வாங்கி, மாஸ்க்கை மட்டும் ஆளுக்கு ஒன்றாக மாற்றிக்கொள்ளலாம் என்றும், இதை வைத்தால் மாரடைப்பே வராது என்றும் சொன்னார். இது சரியா? மேலும் என் மகன் 32 வாரத்தில் பிறந்தபோது சில நாட்கள் சிபேப்பில் வைத்திருந்தார்கள். அதுவும் இதுவும் ஒன்றுதானா? அப்போது வைத்ததால் இப்போது வந்ததா? அனுபவமுள்ளவர்கள் பொறுமையாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.


இரவுப்பணி பதிலளித்தது:

வணக்கம் சகோதரி. கோவையில் ஓர் உறக்க ஆய்வுக்கூடத்தில் 14 ஆண்டுகளாகத் தொழில்நுட்பப் பணியாளராக இருக்கிறேன். நான் மருத்துவர் அல்லன். முடிவுகளை உங்கள் மருத்துவர்களிடம் பேசித்தான் எடுக்க வேண்டும். அவர்களிடம் எதைக் கேட்க வேண்டும் என்பதைச் சொல்ல என்னால் இயலும்.

கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அதில்தான் உங்கள் மனப்பாரம் இருக்கிறது. அப்போது வைத்ததால் இப்போது வரவில்லை. குறைமாதக் குழந்தைகளுக்கு நுரையீரலின் காற்றறைகள் மூச்சை விடும்போதெல்லாம் சுருங்கி ஒட்டிக்கொள்ளும். அவற்றை விரிந்த நிலையில் வைத்திருக்கத் தொடர்ந்து சிறிய அழுத்தத்தில் காற்று கொடுப்பதை 1971-இல் சான் பிரான்சிஸ்கோவில் ஜார்ஜ் கிரிகரி என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் விவரித்தார்கள். பத்து ஆண்டுகள் கழித்து, 1981-இல், ஆஸ்திரேலியாவின் சிட்னியில் காலின் சல்லிவன் அதே கருத்தைத் தொண்டைக்குப் பயன்படுத்தினார். உறங்கும்போது தசை தளர்ந்து உள்நோக்கிச் சரியும் தொண்டைச் சுவருக்குக் காற்றாலேயே முட்டுக் கொடுப்பதுதான் அது. அதுவரை கடுமையான மூச்சுத்தடை உள்ளவர்களுக்குக் கழுத்தில் துளையிடும் அறுவை சிகிச்சையே முதன்மையான வழியாக இருந்தது. பெயர் ஒன்று, தத்துவமும் ஒன்று. உங்கள் மகனுக்கு அன்று தாங்கிப் பிடித்தது நுரையீரலை, இன்று பேசப்படுவது தொண்டையை.

இனி அந்த "லேசானது" என்ற சொல். ஏ.எச்.ஐ. என்பது ஒரு மணி நேர உறக்கத்தில் மூச்சு நின்றுபோன, அல்லது பெருமளவு குறைந்த தடவைகளின் எண்ணிக்கை. பெரியவர்களுக்கு 5 முதல் 15 வரை லேசானது, 15 முதல் 30 வரை நடுத்தரம், 30-க்கு மேல் கடுமையானது என்று கொள்கிறோம். சிறுவர்களுக்கு இந்த அளவுகோல் பொருந்தாது. அவர்களுக்கு 1-க்கு மேல் போனாலே இயல்பு அன்று. 5 வரை லேசானது, 5 முதல் 10 வரை நடுத்தரம், 10-ஐத் தாண்டினால் கடுமையானது. ஆகவே உங்கள் மகனின் 8 நடுத்தர வகையைச் சேர்ந்தது. மென்பொருள் பெரியவர்களின் அளவுகோலில் தானாக அச்சிட்டுவிட்ட அறிக்கைகளை நான் பலமுறை பார்த்திருக்கிறேன், ஒவ்வொரு முறையும் வருத்தப்பட்டிருக்கிறேன். அந்த ஒரு சொல்லை நம்பிச் சிகிச்சையைத் தள்ளிப்போட்ட குடும்பங்கள் உண்டு. தயவுசெய்து அறிக்கையை எடுத்துச் சென்று, இது குழந்தைகளுக்கான அளவுகோலில் பார்க்கப்பட்டதா என்று நேராகக் கேளுங்கள்.

குழந்தைக்கு ஏன் முதலில் அறுவை என்கிறார்கள் என்றால், தடை உண்டாகும் காரணமே வயதுக்கு வயது மாறுகிறது. ஏறத்தாழ 2 முதல் 8 வயது வரையில் தொண்டையின் அளவோடு ஒப்பிடும்போது டான்சிலும் அடினாய்டும் மிகப் பெரியவையாக இருக்கும். வழியை அடைத்துக்கொண்டிருப்பது அவைதான். அடைப்பை எடுத்துவிட்டால் பெரும்பாலான பிள்ளைகளுக்கு முட்டுக்கொடுக்க வேண்டிய தேவையே இல்லாமல் போகிறது. அமெரிக்காவில் 5 முதல் 9 வயது வரையிலான 464 பிள்ளைகளிடம் நடத்தி 2013-இல் வெளியிட்ட ஆய்வில், அறுவை செய்துகொண்டவர்களில் 79 விழுக்காட்டினருக்கும், செய்யாமல் ஏழு மாதங்கள் காத்திருந்தவர்களில் 46 விழுக்காட்டினருக்கும் உறக்கப் பரிசோதனை இயல்புக்குத் திரும்பியது. கவனத்தை அளக்கும் தேர்வில் இரு குழுவுக்கும் பெரிய வேறுபாடு தெரியவில்லை. ஆனால் நடத்தையிலும், அன்றாட வாழ்வின் தரத்திலும், நோய்க்குறிகளிலும் அறுவை செய்துகொண்டவர்களே தெளிவாக முன்னேறினார்கள். காத்திருந்தவர்களிலும் ஏறக்குறைய பாதிப்பேர் தாமாகவே சரியானதை நான் மறைக்க விரும்பவில்லை. ஆனால் தொடக்க எண் குறைவாக இருந்த பிள்ளைகளுக்குத்தான் அந்த வாய்ப்பு அதிகம். வியர்வை, படுக்கை நனைதல், ஓரிடத்தில் இருக்க இயலாமை எல்லாம் சேர்ந்திருக்கும் உங்கள் மகனுக்குக் காத்திருப்பதைப் பற்றி மருத்துவர்தான் சொல்ல வேண்டும். பெரியவர்கள் தூங்கி வழிவார்கள். பிள்ளைகள் துறுதுறுவென்று அலைவார்கள். இரண்டுக்கும் வேர் ஒன்றே.

குழந்தைகளுக்குச் சிபேப் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அறுவைக்குப் பிறகும் தடை எஞ்சியிருப்பவர்கள், உடல் எடை மிகுந்தவர்கள், தாடையோ முகவெலும்போ சிறிதாகப் பிறந்தவர்கள், தசை தளர்வு உள்ளவர்கள் ஆகியோருக்கு அது மிகவும் தேவைப்படுகிறது. அறுவை செய்துகொண்டாலும், புண் ஆறி ஓரிரு மாதங்கள் கழித்து மறுபரிசோதனை வேண்டுமா என்று கேட்டு வையுங்கள். குறட்டை நின்றுவிட்டது என்பதாலேயே தடையும் நீங்கிவிட்டது என்று கொள்ள இயலாது.

ஒரே இயந்திரத்தைப் பகிர்வது சரிப்படாது. கணவரும் மாமனாரும் ஒரே இரவில்தான் தூங்குகிறார்கள். ஒருவர் அணிந்தால் மற்றவருக்கு இல்லை. அழுத்தம் ஒவ்வொருவருக்கும் தனியாகக் கணிக்கப்படுவது. பதிவாகும் விவரங்களும் கலந்துவிடும். மகனைப் பொறுத்தவரை, வீட்டில் பயன்படுத்தும் சிபேப் இயந்திரங்கள் பலவும் 30 கிலோவுக்கு மேற்பட்ட எடையுள்ளவர்களுக்கென்று தயாரானவை. 21 கிலோ பிள்ளையின் மெல்லிய மூச்சை அந்தக் கருவி சரியாக உணராமல் போகலாம்.

மாரடைப்பே வராது என்று வாக்குக் கொடுக்க ஒருவருக்கும் உரிமை இல்லை. இதய நோயோ பக்கவாதமோ ஏற்கெனவே வந்திருந்த 45 முதல் 75 வயது வரையிலான 2,700 பேரை வைத்துச் செய்த பெரிய ஆய்வொன்று 2016-இல் வெளிவந்தது. சிபேப் அணிந்தவர்களுக்கு மாரடைப்போ பக்கவாதமோ குறையவில்லை. அவர்கள் இரவுக்குச் சராசரியாக 3.3 மணி நேரமே அணிந்திருந்தார்கள் என்பதால், நன்றாக அணிந்திருந்தால் முடிவு மாறியிருக்குமா என்ற வாதம் தொடர்கிறது. ஆனால் பகல் தூக்கம் குறைந்ததும், மனச்சோர்வு தணிந்ததும் அதே ஆய்வில் உறுதியாயின. உங்கள் கணவருக்கு வேண்டியது அதுதான். ஏ.எச்.ஐ. 41 உள்ள ஒருவர், வண்டி மண்ணில் இறங்கிய பிறகும், சிகிச்சை இல்லாமல் நீண்ட தூரம் ஓட்டுவதை என்னால் ஏற்கவே இயலவில்லை. விழிப்பு திரும்பும் வரை வேறு ஓட்டுநரை வைத்துக்கொள்ளுங்கள். மூச்சு முட்டுகிறது என்பதற்குப் பெரும்பாலும் காரணம் மூக்கடைப்பாகவோ, பொருந்தாத மாஸ்க்காகவோ, தொடக்க அழுத்தமாகவோ இருக்கும். மூக்குத்தண்டு வளைவும் ஒவ்வாமையும் இருக்கின்றனவா என்று பார்க்கச் சொல்லுங்கள். ராம்ப் என்ற வசதியை வைத்தால் குறைந்த அழுத்தத்தில் தொடங்கி, தூங்கியபின் மெல்ல ஏறும்.

மாமனாருக்கு முதல் எச்சரிக்கை ஒன்று. சில மாஸ்க்குகளின் பட்டையில் காந்தக் கொக்கிகள் இருக்கின்றன. பேஸ்மேக்கர் உள்ளவர்கள் அவற்றை அணியக்கூடாது. அத்தகைய காந்தம் கருவியிலிருந்து குறைந்தது 6 அங்குலம் தள்ளியிருக்க வேண்டும் என்று தயாரிப்பாளர்களே அறிவித்திருக்கிறார்கள். அவர் மட்டுமன்று, உங்கள் கணவரும் அவர் அருகில் படுப்பவராக இருந்தால் காந்தமில்லாத மாஸ்க்கையே வாங்குவது நல்லது. இரண்டாவது, அவருடைய 26 தடைகளில் எத்தனை தொண்டை அடைபட்டதால் வந்தவை, எத்தனை மூளையிலிருந்தே மூச்சுக்கான கட்டளை வராததால் வந்தவை என்று அறிக்கையில் பாருங்கள். இதயம் பலவீனமானவர்களிடம் இரண்டாம் வகை மிகுதியாக இருப்பதுண்டு. அவ்வகைக்கென்று உருவான ஏ.எஸ்.வி. என்ற இயந்திரம், இதயத்தின் இரத்தத்தை வெளித்தள்ளும் ஆற்றல் வெகுவாகக் குறைந்தவர்களிடம் இறப்பைக் கூட்டியதென்று 2015-இல் வெளியான ஆய்வில் தெரிந்தது. ஆகவே இதய மருத்துவரும் உறக்க மருத்துவரும் ஒருவரோடொருவர் பேசாமல் அவருக்கு எந்த இயந்திரமும் வாங்கவேண்டாம்.


காவிரிப்படித்துறை பதிலளித்தது:

என் மகளுக்கு டவுன் சிண்ட்ரோம். இப்போது 11 வயது. அத்தகைய பிள்ளைகளுக்கு, வெளியே ஒன்றும் தெரியாவிட்டாலும், 4 வயதுக்குள் ஓர் உறக்கப் பரிசோதனை எடுத்துவிட வேண்டும் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் அமைப்பு பரிந்துரைத்திருக்கிறது. எங்களுக்கு அதைச் சொல்ல ஆளில்லாததால் 6 வயதில்தான் எடுத்தோம். டான்சிலும் அடினாய்டும் எடுத்த பின்பும் தடை நிற்கவில்லை. அதன் பிறகே சிபேப். ஐந்து ஆண்டுகளாக அணிகிறாள். ஆகவே உங்கள் அண்ணன் நினைப்பது போல மெஷின் என்பது கத்தியைவிட எளிய வழி அன்று என்பதை என் அனுபவத்திலிருந்து சொல்கிறேன். அறுவை என்பது சில நாள் அழுகையும் இரண்டு வாரக் கவனிப்பும். மெஷினோ ஒவ்வோர் இரவும் வருவது.

எங்களுக்குப் பழக்கம் வர நான்கு மாதங்கள் ஆயின. முதல் வாரம் மாஸ்க்கை அவளுடைய பொம்மைக்கு மாட்டினோம். அடுத்த வாரம் நான் மாட்டிக்கொண்டு அவளுக்குக் கதை சொன்னேன். பிறகு பகலில், காற்று இல்லாமல், வெறும் மாஸ்க்கை மட்டும் அவள் விரும்பும் நிகழ்ச்சி ஓடும்போது ஐந்து நிமிடம் அணிவித்தோம். அதன் பின்புதான் காற்று, அதன் பின்புதான் இரவு. அழுதபோது கட்டாயப்படுத்தி மாட்டிய ஓர் இரவு, நாங்கள் சேர்த்து வைத்திருந்த மூன்று வாரத்தைப் பாழாக்கியது. அதை நினைத்தால் இன்றும் எனக்கு மனம் வலிக்கிறது.

பிள்ளைகளுக்கு வேறு இரண்டு கவனங்கள் உண்டு. வளரும் முகத்தில் ஆண்டுக்கணக்கில் மாஸ்க் அழுத்தினால் மேல்தாடையும் முகத்தின் நடுப்பகுதியும் முன்னோக்கி வளர்வது குறையலாம். அதனால் எங்கள் மருத்துவர் ஆறு மாதத்துக்கு ஒரு முறை முகத்தையும் பல் வரிசையையும் பார்க்கிறார். ஒரே இடத்தில் அழுத்தம் விழாதபடி இரண்டு வகை மாஸ்க்கை மாற்றி மாற்றிப் பயன்படுத்துகிறோம். தலை வளர வளர மாஸ்க்கின் அளவும் மாறிக்கொண்டே வரும். அடுத்தது, தானாகக் கழற்றத் தெரியாத பிள்ளைக்கு மூக்கையும் வாயையும் சேர்த்து மூடும் மாஸ்க் ஆபத்தானது. தூக்கத்தில் வாந்தி வந்தால் அது மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். நாங்கள் மூக்கு மாஸ்க் மட்டுமே வைக்கிறோம்.

இவ்வளவுக்கும் பலன் உண்டா என்றால், உண்டு. காலையில் அவளாக எழுந்து வந்து என்னை எழுப்புகிறாள். முன்பு அவளை உட்கார வைத்தால் உட்கார்ந்தபடியே தூங்குவாள்.


நாஞ்சில்ஆசிரியை பதிலளித்தது:

அன்புள்ள மகளுக்கு, எனக்கு வயது 71. ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. 66 வயதில் தொடங்கி ஐந்து ஆண்டுகளாகச் சிபேப் அணிகிறேன். பெண்களுக்கு மாதவிலக்கு நின்ற பிறகு இந்தத் தடை கூடுவதுண்டு என்பதை அப்போதுதான் அறிந்தேன். குறட்டை ஆண்களின் நோய் என்று நினைத்து நான் வீணாக்கிய காலம் கொஞ்சமன்று.

உங்கள் மாமனார் இந்த வயதில் எதற்கு என்று கேட்பது எனக்குப் புரிகிறது, நானும் கேட்டவள்தான். 65 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களை மட்டும் வைத்து பிரிட்டனில் ஓர் ஆய்வு நடத்தி 2014-இல் வெளியிட்டிருக்கிறார்கள்; முதியவர்களுக்கும் பகல் தூக்கம் குறைகிறது என்பது அதில் தெளிவாயிற்று என்று என் மருத்துவர் விளக்கினார். ஆனால் என்னை மாற்றியது ஆய்வு அன்று. இரவில் நான்கு முறை எழுந்துகொண்டிருந்த நான் ஒரு முறைதான் எழுகிறேன். தொண்டை அடைபட்ட நிலையில் மூச்சை இழுக்கப் போராடும்போது நெஞ்சுக்குள் இழுவிசை கூடி, இதயத்தின் மேலறை விரிந்து, உடலில் நீர் மிகுந்துவிட்டதென்று தவறாகக் கருதி, சிறுநீரைக் கூட்டும் ஒரு சுரப்பை வெளியிடுமாம். தடை நீங்கினால் அதுவும் அடங்கும். முதியவர்கள் இரவில் எழுந்து நடக்கும்போதுதான் விழுகிறார்கள். விழுந்தால் இடுப்பெலும்பு முறிகிறது. மாமனாரிடம் இதயம், மூளை என்று பேசாதீர்கள். இரவில் எழுந்திருக்கும் தொல்லை குறையும் என்று மட்டும் சொல்லிப் பாருங்கள். புராஸ்டேட் வீக்கமும் இருக்கிறதா என்பதைத் தனியே பார்த்துக்கொள்ள வேண்டும்.

நடைமுறையில் நான் பட்டு அறிந்தவை சில. மாஸ்க்குக்கு அளவெடுத்த அன்று நான் பல்செட்டோடு போயிருந்தேன்; இரவில் அதைக் கழற்றியதும் கன்னம் ஒட்டிப்போய் இரண்டு பக்கமும் காற்று கசிந்தது. மாமனாரை அளவெடுக்க அழைத்துப் போகும்போது பல்செட்டைக் கழற்றிவிட்டு, தலையணை வைத்துப் படுத்த நிலையில் மாட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். அடுத்தது தேங்காய் எண்ணெய். இரவில் தலைக்கும் முகத்துக்கும் எண்ணெய் தடவும் வழக்கம் இருந்தால் மாஸ்க் வழுக்கும், அதன் ரப்பர் போன்ற விளிம்பும் சீக்கிரம் கெடும். காலைக் குளியலுக்கு முன் தேய்த்துக்கொள்வதாக நான் மாற்றிக்கொண்டேன். விரல் மூட்டு வலி உள்ளவர்கள் பட்டையைத் தலைவழியாகக் கழற்றிப் போடும்படியான மாஸ்க்கைக் கேட்டு வாங்கவேண்டும். சின்னக் கொக்கிகளை அரையிருட்டில் மாட்ட என்னால் இயலாது. முதல் மாதத்தில் என் மருமகள்தான் ஒவ்வோர் இரவும் மாட்டிவிட்டாள். அவள் இல்லையென்றால் நான் விட்டிருப்பேன்.


வைகைக்கரை எழுதியது:

இவ்வளவு அக்கறையோடு எழுதிய மூவருக்கும் என் நன்றி. அறிக்கையை எடுத்துக்கொண்டு நேற்றே மருத்துவரிடம் போனேன். குழந்தைகளுக்கான அளவுகோலில் நடுத்தரம்தான் என்று ஒப்புக்கொண்டு, கையால் திருத்திக் கையொப்பமிட்டுத் தந்தார். அண்ணனிடம் காட்டினேன்; அதற்குமேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை. மாமனாரின் அறிக்கையில் பெரும்பாலானவை தொண்டை அடைப்பால் வந்தவை என்றே இருக்கிறது.

இன்னும் மூன்று ஐயங்கள். எடை குறைக்க இப்போது வாரம் ஒரு முறை போடும் ஊசி வந்திருக்கிறதாமே, அதைப் போட்டால் மாஸ்க் வேண்டியதில்லை என்று கணவரின் நண்பர் ஒருவர் சொல்லியிருக்கிறார். அது உண்மையா? எங்கள் பகுதியில் மின்தடை உண்டு. நள்ளிரவில் மின்சாரம் போனால் மாமனாருக்கு மூச்சடைக்காதா? காற்றை ஈரமாக்கும் ஹியூமிடிஃபையரில் எந்தத் தண்ணீரை ஊற்றுவது?


நெடுஞ்சாலைக்காரன் பதிலளித்தது:

நானும் ஓட்டுநர்தான். வயது 41, சேலம். உங்கள் கணவருக்கு இதைப் படித்துக் காட்டுங்கள். எனக்கும் மூக்கும் வாயும் மூடும் பெரிய மாஸ்க்கைத்தான் முதலில் கொடுத்தார்கள். கிணற்றுக்குள் இறங்கியது போலிருந்தது. மூக்குத் துவாரத்தில் மட்டும் பொருந்தும் நேசல் பில்லோ மாஸ்க்குக்கு மாறியபின்தான் நிலைத்தது. படுக்கும்போது மாட்டினால் பதற்றம் வருகிறதென்று, இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு உட்கார்ந்து செய்தி பார்க்கும்போதே அரைமணி நேரம் அணிந்து பழகினேன். முதல் வாரம் இரண்டு மணி நேரம், பிறகு நான்கு, இப்போது ஆறு. வண்டியில் வெளியூர் தங்கும்போதும் கூடவே எடுத்துப் போகிறேன். இதை நோயாளியின் கருவி என்று நான் நினைப்பதில்லை. வண்டிக்கு பிரேக் எப்படியோ எனக்கு இது அப்படி. சகோதரரே, என் அண்ணன் ஸ்டீயரிங்கில் தூங்கித்தான் இறந்துபோனார். அவருக்கு யாரும் பரிசோதனை செய்து பார்க்கவில்லை.


இரவுப்பணி பதிலளித்தது:

ஊசியைப் பற்றி: டிர்செபடைட் என்ற மருந்தை, உடற்பருமனோடு நடுத்தர அல்லது கடுமையான உறக்க மூச்சுத்தடை உள்ள பெரியவர்களுக்கென்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2024 டிசம்பரில் அனுமதித்தது. ஆய்வில் மணிக்குச் சராசரி 50 அளவில் இருந்த தடைகள் ஓராண்டில் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தன. பாதியாகக் குறைவது வேறு, நீங்குவது வேறு. அதற்கும் ஓராண்டு ஆயிற்று. உங்கள் கணவர் பருமனாக இருந்தால் மருத்துவரிடம் பேசலாம். நம் மக்களிடம் தாடை அமைப்பின் காரணமாக அவ்வளவு எடை இல்லாதவர்களுக்கும் தடை வருவதால், எடை ஒன்றே காரணம் என்றும் கொள்ளவேண்டாம். எப்படியாயினும் அந்த ஓராண்டில் வண்டி ஓட்டுபவருக்குக் காப்பு மாஸ்க்தான். எடை வெகுவாகக் குறைந்தால் அழுத்தத்தை மறுபடி கணிக்கவேண்டும்.

மின்தடையைப் பற்றி: மூக்கையும் வாயையும் மூடும் மாஸ்க்குகளில், காற்று நின்றவுடன் வெளிக்காற்றுக்குத் திறந்துகொள்ளும் வால்வு உண்டு. மூக்கு மாஸ்க் அணிந்தவர்கள் வாயால் மூச்சு விட்டுக்கொள்ளலாம். ஆகவே உயிருக்கு அச்சம் இல்லை. அந்த நேரத்துக்குத் தடை பழையபடி வரும், அவ்வளவே. வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் இயந்திரத்தை அதில் இணைத்து, ஹியூமிடிஃபையரின் சூட்டை மட்டும் அணைத்துவிடுங்கள். மின்சாரத்தை அதிகம் இழுப்பது அந்தச் சூடேற்றிதான்.

தண்ணீர்: மருந்துக்கடையில் கிடைக்கும் டிஸ்டில்டு வாட்டர் சிறந்தது. இன்வெர்ட்டர் பேட்டரிக்கென்று விற்கும் நீரை ஊற்றாதீர்கள். அது மூச்சோடு உள்ளே போவதற்காகத் தயாரிக்கப்பட்டது அன்று. ஆழ்துளைக் கிணற்று நீர் உப்புப் படிய வைக்கும். எதுவும் கிடைக்காத நாளில் நன்றாகக் கொதிக்கவைத்து ஆறிய குடிநீரை ஊற்றலாம். மிச்சமிருப்பதைத் தினமும் காலையில் கொட்டிவிட்டு, தொட்டியைக் கழுவிக் காயவைக்க வேண்டும். ஏ.சி. அறையில் குழாய்க்குள் நீர் கோத்துக்கொண்டு முகத்தில் சொட்டினால், இயந்திரத்தைக் கட்டிலைவிடத் தாழ்வாக வையுங்கள்.


வைகைக்கரை எழுதியது (ஏழு வாரங்களுக்குப் பின்):

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். மகனுக்கு அறுவை முடிந்து ஐந்து வாரங்கள் ஆகின்றன. ஏழாம் நாள் சிறிது இரத்தம் கசிந்ததில் பயந்துபோய் ஓடினோம், அன்றைக்கே அடங்கிவிட்டது. இப்போது வாயை மூடித் தூங்குகிறான். படுக்கை கடைசியாக நனைந்து பன்னிரண்டு நாட்கள் ஆகின்றன. மறுபரிசோதனைக்கு அடுத்த மாதம் தேதி கொடுத்திருக்கிறார்கள்.

கணவர் சேலத்துச் சகோதரரின் பதிலை இரண்டு முறை படித்தார். நேசல் பில்லோவுக்கு மாறி, இப்போது ஐந்து மணி நேரத்துக்குக் குறையாமல் அணிகிறார். மருத்துவர் சொல்லும் வரை வண்டியை வேறொருவர் ஓட்டுகிறார்.

மாமனாருக்குத்தான் இன்னும் கூடிவரவில்லை. காந்தமில்லாத மாஸ்க்கைப் பல்செட் இல்லாமல் அளவெடுத்து வாங்கினோம். முதல் தூக்கம் வரை அணிகிறார். சிறுநீர் கழிக்க எழுந்தபின் மறுபடி மாட்டிக்கொள்வதில்லை. நள்ளிரவில் நான் எழுந்து போய் மாட்டிவிடுவதை அவர் கூச்சமாக நினைக்கிறார். ஆசிரியை அம்மா, அந்தத் தலைவழியாகப் போட்டுக்கொள்ளும் பட்டையை நாளை வாங்கிவரப் போகிறோம். குழாயை மட்டும் தனியாகக் கழற்றிவிட்டு, மாஸ்க்கைக் கழற்றாமலே எழுந்து போய் வருவதற்கு அதில் வசதி இருக்கிறதா என்று சொன்னால், அப்படிப்பட்டதையே கேட்டு வாங்குவேன்.


நாஞ்சில்ஆசிரியை பதிலளித்தது:

இருக்கிறது மகளே. சில மாஸ்க்குகளில் மூக்கருகே குழாய் சேரும் இடத்தில் இரண்டு பக்கமும் அழுத்தினால் குழாய் மட்டும் கழன்று வரும். வாங்கும்போது கடையிலேயே மாமனாரைக் கண்ணை மூடிக்கொண்டு மூன்று முறை கழற்றி மாட்டச் சொல்லுங்கள். அவர் விரலுக்கு எட்டினால் மட்டும் பணம் கொடுங்கள்.